வழியில் கார் நின்றுவிட்டால் காப்பீட்டின் வழியாக மாற்று வாகனம் பெற முடியுமா?

கேள்வி: ஐயர் பங்களா வாசி

அனைவருக்கும் வணக்கம். மதுரை ஐயர் பங்களா பகுதியில் வசிக்கிறேன். ஆறு ஆண்டுகளாக ஒரு பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் முழுக் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது, சாலையோர உதவி என்னும் கூடுதல் காப்பையும் பணம் கட்டிச் சேர்த்தே எடுத்து வருகிறேன். இதுவரை அதைப் பயன்படுத்த வேண்டிய தேவை வரவில்லை.

சென்ற மாதம் என் தாயாரைக் கண்புரை அறுவை சிகிச்சைக்காகக் கம்பத்திலிருந்து மதுரைக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். ஆண்டிபட்டிக் கணவாயில் கிளட்ச் பெடல் மிதித்த மிதியில் தரையோடு ஒட்டிக்கொண்டது. கையால் தூக்கிவிட்டாலும் மறுபடி மிதித்தால் அங்கேயே நின்றது, கியர் விழவில்லை. காலை 11.10 மணிக்கு வண்டியை ஓரம் கட்டி, அம்மாவை ஒரு புளியமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, பாலிசியில் அச்சிட்டிருந்த எண்ணை அழைத்தேன். இடத்தைக் கேட்டு, குறிப்பு எண் ஒன்றையும் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். இழுவை வண்டி 1.40 மணிக்கு வந்தது. நாங்கள் ஊர் வந்து சேர டாக்சி அனுப்புவதாகச் சொன்னவர்கள், பிறகு "அந்தப் பகுதியில் வண்டி கிடைக்கவில்லை" என்று கைவிரித்துவிட்டார்கள். உசிலம்பட்டியிலிருந்து நானே ஒரு காரை வரவழைத்து, ரூ.1,800 கொடுத்து மதுரை வந்தேன்.

பட்டறையில் பாகம் வர நான்கு நாட்கள் ஆகும் என்றார்கள். மறுநாள் காலை அறுவை சிகிச்சை, அதற்கு அடுத்த நாள் கட்டுப் பிரித்துப் பரிசோதனை. ஆகவே மாற்று வாகனம் கேட்டுக் காப்பீட்டு நிறுவனத்தை மீண்டும் அழைத்தேன். விளம்பரத் தாளில் "மாற்று வாகன வசதி" என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. ஆனால் "வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நின்றால்தான் சார்" என்று பதில் வந்தது. வேறு வழியின்றி நாளொன்றுக்கு ரூ.2,200 வீதம் நான்கு நாட்களுக்கு வாடகைக் கார் எடுத்தேன். இரண்டு பில்களையும் சேர்த்து ரூ.10,600 கேட்டு விண்ணப்பித்தபோது, முன் அனுமதி பெறாத செலவுகள் திருப்பித் தரப்படமாட்டா என்று இரண்டே வரிகளில் மறுத்துவிட்டார்கள்.

இந்த மாற்று வாகனம் என்பது யாருக்காவது உண்மையிலேயே கிடைத்திருக்கிறதா? எனக்கு மறுத்தது சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற காப்பீட்டு ஊழியர், கே.கே. நகர்

ஐயா, தாயார் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நான் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மோட்டார் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன். உங்கள் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம், "மாற்று வாகனம்" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் சந்தையில் உலவுவதுதான். எது உங்களிடம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்பு அடிப்படையான ஒன்று. நம் நாட்டுத் தனியார் கார் பாலிசியில், சொந்தச் சேதப் பிரிவின் (அதாவது உங்கள் காருக்கே நேரும் சேதத்துக்கான பிரிவின்) விலக்குகளில் தேய்மானமும், இயந்திர அல்லது மின் பழுதும், அவற்றின் தொடர்விளைவான நட்டமும் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கின்றன. விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்குத்தான் அந்தப் பிரிவு பொறுப்பேற்கிறது. கிளட்ச் போனதற்கும், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் போனதற்கும் ஏற்பதில்லை. இழுவைச் செலவும் அப்படித்தான். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே பிரீமியமும் ஒரே வாசகமும் இருந்த பழைய கட்டணத் திட்டக் காலத்திலிருந்து வரும் பொது வாசகத்தின்படி, விபத்துக்குள்ளான காரைப் பட்டறைக்குக் கொண்டுபோக ஒரு விபத்துக்கு ரூ.1,500 வரை மட்டுமே உண்டு. ஆகவே பழுதாகி நிற்கும் வண்டிக்கு நீங்கள் எதைக் கேட்டாலும், கூடுதல் காப்பின் வாசகத்தை வைத்துத்தான் கேட்க முடியும். மூல பாலிசியை வைத்துக் கேட்க முடியாது.

இனி அந்த மூன்றுக்கு வருகிறேன். நீங்கள் எடுத்திருப்பது சாலையோர உதவி. இது பெரும்பாலும் பணமாகத் தரப்படுவதில்லை, சேவையாகத்தான் தரப்படுகிறது. இழுத்துச் செல்வது, பேட்டரிக்கு உயிரூட்டுவது, பஞ்சர் சக்கரத்தை மாற்றுவது, பயணிகளைக் குறிப்பிட்ட தூரம் வரை டாக்சியில் கொண்டுபோய்விடுவது ஆகியவை இதில் அடங்கும். சில நிறுவனங்கள் இதையே இரண்டு படிகளாக விற்கின்றன. மேல்படியில் மட்டும் தங்குமிடமும் மாற்று வாகனமும் சேர்க்கப்பட்டிருக்கும். விளம்பரத் தாள் இரண்டு படிகளுக்கும் பொதுவாக அச்சிடப்படுவதால், கீழ்ப்படி வாங்கியவரும் தமக்கு எல்லாம் உண்டு என்று எண்ணிக்கொள்கிறார். இந்த ஏமாற்றத்தை நான் பணியில் இருந்த காலத்திலேயே பல முறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

அடுத்தது, கார் பட்டறையில் நிற்கும் நாட்களுக்கான தினப்படி. சில முகவர்கள் இதையும் "மாற்று வண்டிக் காப்பு" என்றே சொல்லி விற்கிறார்கள். ஆனால் சொந்தச் சேதக் கிளெய்ம் ஒன்று ஏற்கப்பட்டால்தான் இது உயிர்பெறும். அதிலும் முதல் சில நாட்களைக் கழித்துக்கொண்டு, அதிகபட்ச நாள் கணக்கு ஒன்றையும் வைத்திருப்பார்கள். கிளட்ச் போனதற்குக் கிளெய்மே கிடையாது என்பதால், இந்தக் காப்பு இருந்திருந்தாலும் உங்களுக்கு ஒரு ரூபாயும் வந்திராது.

மூன்றாவது, கார் தயாரிப்பாளர் வாரண்டியோடு தரும் சாலை உதவித் திட்டம். இது காப்பீடே அல்ல, ஒரு சேவை ஒப்பந்தம். மாற்று வாகனம் ஓரளவு தாராளமாகக் கிடைப்பது பெரும்பாலும் இதில்தான். ஆனால் இதில் தகராறு வந்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போக முடியாது. நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

உங்கள் ரூ.10,600-ஐ இரண்டாகப் பிரித்துப் பாருங்கள் என்பதே என் ஆலோசனை. உசிலம்பட்டி டாக்சிக்கான ரூ.1,800 வேறு, நான்கு நாள் வாடகை ரூ.8,800 வேறு. முன்னது, அவர்கள் தருவதாக ஒப்புக்கொண்டு தரத் தவறிய சேவை. தாம் அனுப்ப வேண்டிய வண்டியை அனுப்ப முடியவில்லை என்று அவர்களே சொன்ன பிறகு, முன் அனுமதி இல்லை என்பது நியாயமான மறுப்பாகாது. பின்னது, அந்த நூறு கிலோமீட்டர் நிபந்தனை உங்கள் பாலிசியில் உண்மையாகவே எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. தொலைபேசியில் சொன்னதை நம்பாமல், கூடுதல் காப்பின் முழு வாசகத்தையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

பிறகு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் விதிகளில் 2021-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, கிளெய்ம் தகராறுகள் மட்டுமின்றிச் சேவைக் குறைபாடுகளையும் அங்கே முறையிட முடிகிறது. காணொளி வழியாக விசாரணை நடத்தவும் வழி செய்யப்பட்டுள்ளது. "இழுவை வண்டி அனுப்பியது வேறு நிறுவனம்" என்று அவர்கள் சொன்னால் அதை ஏற்காதீர்கள். பிரீமியம் வாங்கியவர் யாரோ அவரே பொறுப்பு.

பலரும் அஞ்சுகிற ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாலையோர உதவியைப் பயன்படுத்துவது சொந்தச் சேதக் கிளெய்ம் ஆகாது. அதனால் உங்கள் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, குறையாது.

பதில் 2: இழுவை வண்டி வைத்திருப்பவன், திருமங்கலம்

வணக்கம். காப்பீட்டு ஐயா சட்டப்படி சொல்லிவிட்டார். சாலையில் நடப்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் இது போன்ற அழைப்புகளுக்குப் போகிறவர்களில் நானும் ஒருவன்.

நீங்கள் பேசுகிற அழைப்பு மையம் எங்கோ வெளியூரில் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் ஓர் உதவி நிறுவனத்திடம் பணியை ஒப்படைக்கிறது. அந்த நிறுவனம் எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்களைக் கூப்பிடுகிறது. ஆண்டிபட்டிக் கணவாய் என்று நீங்கள் சொன்னதை அவர்கள் ஆண்டிபட்டி என்று மட்டும் எழுதிக்கொண்டால், எங்கள் ஓட்டுநர் ஆண்டிபட்டி ஊருக்குள் போய்த் தேடிக்கொண்டிருப்பார். ஆகவே வாட்ஸப்பில் இருப்பிடத்தை அனுப்புவதோடு, பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லில் எழுதியிருப்பதையும் வாசித்துச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி ஆபத்தான வளைவில் நின்றுவிட்டால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணையும் அழைக்கலாம். அது காப்பீட்டுக்குச் சம்பந்தமில்லாதது. வண்டியைப் பாதையிலிருந்து அப்புறப்படுத்த உதவும்.

மாற்று வாகனம் வேண்டும் என்பவர்கள் தவறவிடுவது பட்டறையில்தான். உதவி நிறுவனம் உங்கள் பேச்சையோ என் பேச்சையோ கணக்கில் எடுத்துக்கொள்ளாது. வண்டியை ஏற்கும்போது பட்டறை எழுதும் ஜாப் கார்டில் இருப்பதை மட்டுமே பார்க்கும். வண்டியை இறக்கியதும் சூப்பர்வைசர் "நாலு நாள் ஆகும் சார்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கார்டிலோ "கிளட்ச் புகார், சோதிக்கவும்" என்று மட்டும்தான் இருக்கும். அந்தக் கார்டை வைத்துக்கொண்டு எந்த நிறுவனமும் மாற்று வண்டி தராது. என்ன பழுது, எந்தப் பாகம் இருப்பில் இல்லை, எந்தத் தேதியில் வண்டி தயாராகும் என்ற மூன்றையும் எழுதச் சொல்லி, முத்திரையும் நேரமும் போட்டு வாங்குங்கள். அதைப் படம் எடுத்து, குறிப்பு எண்ணோடு உதவி நிறுவனத்துக்கு அன்றைக்கே அனுப்புங்கள். ஓரிரு நாள் கழித்து அனுப்பினால், வண்டி தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தீர்களா என்று கேட்பார்கள்.

உங்கள் பழுதைப் பற்றியும் ஒரு சொல். பெடல் தரையோடு போய்விட்டதென்றால், பெரும்பாலும் அது கிளட்ச் பிளேட் தேய்ந்ததாக இருக்காது. ஆயில் அழுத்தம் தரும் சிலிண்டர் கசிந்திருக்கும். பிளேட் தேய்ந்தால் என்ஜின் இரையும், வண்டி இழுக்காது. இந்த வேறுபாடு உங்களுக்கு முக்கியம். "தேய்மானம், ஆகவே உதவி கிடையாது" என்று யாராவது எழுதியிருந்தால், பட்டறை பில்லில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று பாருங்கள்.

பதில் 3: ஒத்தக்கடை ஆசிரியை

எனக்கு மாற்று வாகனம் கிடைத்தது. அது காப்பீட்டுப் பாலிசியில் கிடைத்ததன்று, கே.கே. நகர் ஐயா குறிப்பிட்ட மூன்றாவது வகை, அதாவது தயாரிப்பாளரின் வாரண்டித் திட்டம்.

இராமேசுவரம் போகும் வழியில், மண்டபத்துக்குச் சற்று முன்பு, மாலை ஆறரை மணிக்கு டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் முகப்பு விளக்குகள் மங்கி, வண்டி நின்றுவிட்டது. உள்ளே என் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் இருந்தார்கள். அழைத்தவுடன், இழுவை வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, "வண்டி இன்று சரியாகாவிட்டால் என்னென்ன உரிமை எனக்கு உண்டு, அதற்கு நான் இப்போதே என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன். இராமநாதபுரத்தில் கார் விற்பனை செய்யும் என் சகோதரர் முன்பே சொல்லிவைத்திருந்ததால்தான் அப்படிக் கேட்கத் தோன்றியது. வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், பழுது அன்றைக்குள் தீராது என்று பட்டறை எழுதித் தர வேண்டும், தங்கும் விடுதியோ மாற்று வாகனமோ இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். மண்டபம் எங்கள் வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டரைத் தாராளமாகத் தாண்டிய இடம் என்பதால் முதல் நிபந்தனையில் சிக்கலில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாடகைக் கார் கிடைத்தது. இரண்டு நாட்களுக்கு மட்டும். பெட்ரோலும் சுங்கமும் நம் செலவு. திருப்பித் தரத்தக்க முன்பணமும் கேட்டார்கள். ஓட்டுநர் உரிமத்தை டிஜிலாக்கரில் காட்டினேன். சாலையில் காவல்துறை அதை ஏற்க வேண்டும் என்பது விதி. ஆனால் கார் கொடுத்தவர் அசல் அட்டையைப் பார்க்காமல் சாவியைத் தரமாட்டேன் என்றுவிட்டார். நல்லவேளையாக அது என் மாமியாரின் சுருக்குப்பையில் இருந்தது. கோயில் உண்டியலுக்கான சில்லறையோடு சேர்த்து நான்தான் அவரிடம் கொடுத்து வைத்திருந்தேன்.

பதில் 4: காளவாசல் டிராவல்ஸ்

மாற்று வாகனமாக எந்த வண்டியைக் கொடுத்தாலும் சாவியை வாங்குவதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். ஓட்டுநரோடு வரும் வாடகை வண்டி என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நீங்களே ஓட்டும் வாடகை வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வைத்த சொந்த வண்டியை யாராவது வாடகைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். வாடகைக்கு ஓடிய சொந்த வண்டி விபத்தில் சிக்கினால் அதன் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்க முடியும். பழுதான காருக்காக மாற்று வண்டி எடுத்து, அந்த மாற்று வண்டிக்கும் காப்பீடு இல்லாத நிலைக்கு ஆளாகாதீர்கள். விற்பனையாளரின் சர்வீஸ் நிலையம் வாடகை வாங்காமல் தன் சொந்த வண்டியைத் தந்து உதவுவது வேறு. அதற்கும் ஒரு கடிதம் வாங்கி வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

குமுளி, தேக்கடி என்று கேரளத்துக்குள் போக வேண்டியிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லா வாடகை வண்டிக்கும் மாநிலம் தாண்டும் அனுமதி இருக்காது.

ஐயர் பங்களா நண்பருக்கு: நீங்கள் பெற்ற ரூ.8,800-க்கான பில்லில் வண்டி எண், தேதி, ஓடிய கிலோமீட்டர், ஜிஎஸ்டி எண் எல்லாம் இருக்கின்றனவா? வெறும் ரசீதுத் தாளில் எழுதி வாங்கியிருந்தால், அதே நிறுவனத்திடம் இப்போதே முறையான பில்லாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவரின் பின்குறிப்பு: ஐயர் பங்களா வாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து வாரங்கள் கழித்து நடந்ததைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை.

கூடுதல் காப்பின் முழு வாசகத்தையும் மின்னஞ்சலில் கேட்டுப் பெற்றேன். பதினொரு பக்கங்கள். டாக்சி பற்றிய பத்தியில் வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் என்ற நிபந்தனையே இல்லை. நின்ற இடத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வரை கொண்டுபோய்விட வேண்டும் என்றுதான் இருக்கிறது. மாற்று வாகனம் பற்றிய பத்தியில் அந்த நூறு கிலோமீட்டர் உண்மையாகவே இருக்கிறது. அதோடு, பழுதுபார்க்க இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. கணவாய் என் வீட்டிலிருந்து அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆகவே அந்த ரூ.8,800-ஐக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ரூ.1,800-க்கு மட்டும், குறிப்பு எண், அழைப்பு நேரங்கள், வண்டி கிடைக்கவில்லை என்று அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்தியின் படம் ஆகியவற்றை இணைத்துக் குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். பதினெட்டாம் நாள் முழுத் தொகையும் வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. மாறியது சிலிண்டர்தான் என்பதையும் திருமங்கலம் நண்பருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு வலது கண் நன்றாகத் தெரிகிறது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். பாலிசி புதுப்பிக்கும் தேதியும் அதே மாதத்தில்தான் வருகிறது. இம்முறை மேல்படித் திட்டங்களின் வாசகங்களை முன்கூட்டியே கேட்டு வாங்கி, தூர நிபந்தனை குறைவாக உள்ள ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஐம்பது கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும் திட்டம் எதையாவது யாரேனும் நேரில் பயன்படுத்தியிருந்தால், அது எப்படி நடந்தது என்பதை இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.